அவர் பெயரில் மிதித்தது

நாள் 1. காலை 6:10. செவ்வாய் கிரகம், வீடு 14.
இருப்பவர்கள்: ஆவுடையம்மாளாகிய நான், வயது நாற்பத்தாறு. என் கணவர் சங்கரபாண்டி, ஐம்பத்து மூன்று, பனி தோண்டும் குழியில் வேலை. முருகன் படம் ஒன்று. வேறு யாரும் இல்லை.
இதைக் கண்டெடுப்பவர்களுக்காக எழுதுகிறேன். உடற்பயிற்சி சைக்கிள் வந்தது. மிதிக்கலாம், நகராது. இங்கே உடம்புக்குக் கனம் குறைவு, அதனால் எலும்பு தேய்கிறது. 120ஆம் நாள் ஊருக்கு விண்கப்பல். தேய்ந்த எலும்பு கப்பல் கிளம்பும் பாரத்திலேயே நொறுங்குமாம். ஆளுக்கொரு கைப்பட்டை. மிதிப்பது அதில் பதிவாகிப் பூமிக்குப் போகும்.
பூமியிலிருந்து டாக்டர் எஸ்தரின் செய்தி: "சீட்டு உங்க இடுப்பு உயரத்துக்கு இருக்கட்டும்மா. முதல் வாரம் பத்து நிமிஷம் போதும். மிதிக்கிறப்ப பேச முடியணும். முடியலன்னா பாரத்தைக் குறைங்க."
பத்து நிமிடம் மிதித்தேன். முருகா என்று சொல்ல முடிந்தது. 412 சுற்று.

நாள் 9. மாலை 5:30.
இருபது நிமிடம். தொடை வலி குறைந்தது. அவர் இன்னும் ஏறவில்லை. குழியில் இருந்த அவரிடம் வானொலியில் கேட்டேன்.
"ஏட்டி, அது சைக்கிளா செக்கா? எங்க போயிச் சேரப்போற? எனக்கும் சேத்து நீயே மிதி."
பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தது கேட்டது.

நாள் 23. காலை 6:00.
அவர் ஏறவே மாட்டார். முழங்கால் வலி என்கிறார். அவருக்காகச் செவ்வாய்க்கிழமை விரதம் இருபது வருடமாக இருக்கிறேன். பட்டினி நான், பலன் அவருக்கு. இதையும் அப்படி எடுத்துக்கொண்டேன். என் இருபது நிமிடம் முடிந்ததும் அவர் பட்டையைக் கட்டிக்கொண்டு இன்னொரு இருபது.

நாள் 58. காலை 6:45.
பட்டைப் பதிவுக்குப் பூமியில் போட்ட எலும்பு மதிப்பெண் வந்தது: அவருக்கு 91. எனக்கு 74. முதல் இருபது நிமிடத்தில் உடம்பு சூடேறிவிடுகிறது. இரண்டாவது இருபது, அவருடையது, நன்றாக ஓடுகிறது.
டாக்டரின் செய்தி: "சாருக்கு எலும்பு மாத்திரை இனி வேண்டாம். நீங்க மட்டும் தொடருங்க."
நிறுத்தினோம். அவர் சந்தோஷப்பட்டார்.

நாள் 102. மதியம் 1:15.
தண்ணீர்க் குடத்தை அவரால் தூக்க முடியவில்லை. கால்சட்டையை இரண்டு முறை பிடித்துத் தைத்தேன். இருமியபோது விலா எலும்பு ஒன்றில் விரிசல் விட்டது. வெளியே சொல்லாதே என்றார். வழக்கம்போல் இரண்டு பேருக்கும் மிதித்தேன்.

நாள் 120. மதியம் 2:50.
மேலே சுற்றும் பெரிய கப்பலில் ஆட்களைச் சேர்க்க இந்தக் கப்பலுக்கு இரண்டு நடை. மதிப்பெண் கூடியவர்கள் இன்று, சரக்கோடு, அதிகப் பாரத்தில். குறைந்தவர்கள் நாளை, மெதுவாக. அவர் இன்று. நான் நாளை. திருநீறு பூசி அனுப்பினேன். ஏணி ஏற இரண்டு பேர் பிடித்தார்கள்.

3:20.
வானொலியில் அவரிடம் இறங்கச் சொன்னேன்.
"சும்மா இரி. நாளைக்கிப் போற நடையில எடமில்ல. இப்ப எறங்கினா அடுத்த கப்பலுக்கு ரெண்டு வருசம். நான் ஊருக்குப் போணும்."
"உங்க எலும்பு தாங்காதுங்க. மிதிச்சது நானு."
"தெரியும்ட்டி. வாய மூடு."
வானொலியை அணைத்துவிட்டார். கப்பல்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். பதிவில் 91 இருக்கிறது, பூமி சொன்னால்தான் இறக்குவோம் என்றார்கள்.

3:31. பூமிக்கு அனுப்பியது.
டாக்டர் எஸ்தர் அவர்களுக்கு. 23ஆம் நாள் முதல் சங்கரபாண்டி பெயரில் வந்த பதிவு எல்லாம் நான் மிதித்தது. அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. மாத்திரையும் இல்லை. அவரை இறக்கச் சொல்லுங்கள்.

3:47.
செய்தி பூமிக்குப் போக எட்டு நிமிடம், பதில் வர எட்டு. இந்நேரம் வந்திருக்க வேண்டும்.

3:52. மறுபடி அனுப்பியது.
இதை அங்கே யார் கேட்டாலும் சரி. இது உங்களிடம் வரும்போது நான்கு மணி ஆகியிருக்கும். கப்பல் நான்கு மணிக்குக் கிளம்புகிறது. முதல் செய்தி கிடைத்ததா, அவரை இறக்கச் சொன்னீர்களா என்று மட்டும் சொல்லுங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் அனுப்புங்கள்.