பலகையில் ஏழு பெயர்கள்

29 ஆகஸ்ட் 1984, புதன்

காலையிலிருந்து புழுக்கம். மழை மிரட்டியதோடு சரி. ஆய்வுக்கூடத்தில் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தைரிஸ்டர் எரிந்தது, இது மூன்றாவது. இறுதியாண்டு புராஜெக்ட் முடிவதற்குள் கடைக்காரனிடம் இருப்பதெல்லாம் தீர்ந்துவிடும்.

5 மணிக்குப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் மன்றக் கூட்டம். தீபாவளி நிகழ்ச்சியில் யார் பாடுவது என்று ஒரு மணி நேரம். பொறுக்க முடியாமல் கேட்டேன்: முதலாண்டு பொறியியலில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் கணக்கில் தோற்றிருக்கிறார்கள்? ஒருவருக்கும் தெரியவில்லை. மற்றவர்களுக்குக் கூட்டாளிகள் வழியாகப் பழைய கேள்வித்தாள், விடை எல்லாம் கைமாறுகிறது. நம் ஆட்கள் அவ்வளவு பெரிய விரிவுரைக் கூடத்தில் ஆளுக்கொரு மூலை. யாரும் யாரையும் கேட்பதில்லை.

சேவியர் (மன்றத் தலைவன், மெக்கானிக்கல், என்னோடு கட்டாய ராணுவ சேவையில் இருந்தவன்): "பேசுறது ஈஸி. நீயே செய் லா."

செய்தேன். வகுப்பு ஆசிரியரிடம் பெயர்கள் வாங்கினேன். ஏழு பேர். அடையாள அட்டையில் உள்ளபடி, இன்னார் த/பெ இன்னார் என்று தட்டச்சு செய்தேன். 'கணக்குத் தேர்வில் தேறாத கீழ்க்கண்டோர் சனிக்கிழமை 2 மணிக்கு மின் ஆய்வுக்கூடத்துப் பக்கத்து அறைக்கு வரவும்.' கேண்டீன் பலகையில் நான்கு ஊசி. மொத்தம் நாற்பது நிமிடம். கூட்டம் தேவையே இல்லை.

1 செப்டம்பர், சனி

வெயில். ஒருவரும் வரவில்லை.

அறையைத் திறந்துவிட்டது சுப்பையா அண்ணன். ஆய்வுக்கூட உதவியாளர், மீட்டர் கொடுத்து வாங்குபவர். சனிக்கிழமை ஒரு மணிக்கு வேலை முடிந்தும் எனக்காக நின்றார். நாற்காலிகளைத் துடைத்து இரண்டு வரிசை போட்டார். தண்ணீர்க் கூஜா வேறு.

"நல்ல காரியம் பண்றீங்க தம்பி. என் மகளும் இங்கதான், முதல் வருஷம். வீட்டுல வாயே திறக்க மாட்டேங்குது. நம்ம ஆளுங்க நாலு பேரத் தெரிஞ்சிக்கிட்டா தேவல. அனுப்பவா?"

"அனுப்புங்கண்ணே. விவரமெல்லாம் கேண்டீன் பலகையில இருக்கு, பாருங்க."

மகள் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. மூன்றரை வரை உட்கார்ந்திருந்தேன். உதவி கேட்கக்கூட சோம்பல் இந்தக் கூட்டத்துக்கு.

வாங்க வேண்டியவை: கால்குலேட்டர் பேட்டரி, சாலிடர் கம்பி, சவர பிளேடு.

3 செப்டம்பர், திங்கள்

காலையில் பெருமழை. பேருந்தில் காலணி நனைந்து நாள் முழுக்க நாற்றம்.

மீட்டர் வாங்கப் போனேன். சுப்பையா அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மீட்டரை மேசைமேல் தள்ளினார். "கையெழுத்து போடுங்க, சார்."

மூன்றாண்டுகளில் அவர் என்னை சார் என்றதில்லை.

மதியம் சேவியர் பட்டியலைக் கையில் கசக்கிக்கொண்டு வந்தான். பலகையிலிருந்து பிடுங்கியது. நான்காவது வரியை விரலால் தட்டினான். அமுதா த/பெ சுப்பையா.

தட்டச்சு செய்தது நான். சுப்பையா என்று என் விரல்தான் அடித்தது. ஊரில் எத்தனையோ சுப்பையா. தோன்றவே இல்லை.

காலையில் அவர் விவரம் பார்க்கக் கேண்டீனுக்குப் போயிருக்கிறார். பக்கத்தில் நின்ற தோட்டக்காரர், "என்னண்ணே, பரீட்சை எழுதினீங்களா? உங்க பேரு இருக்கு," என்று சிரித்தாராம்.

சேவியர்: "சீனப் பையன் ஃபெயிலானா அவன் மட்டும் ஃபெயில். நம்மள்ல அப்பாவும் சேர்ந்து ஃபெயில் லா. இது தெரியாம நீ என்னடா இஞ்சினியர்?"



4 செப்டம்பர், செவ்வாய்

அமுதாவைப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்தேன். ஒல்லி, பெரிய கண்ணாடி, மார்போடு அணைத்த கோப்பு. நான்தான் பட்டியல் போட்டவன் என்றேன்.

"தெரியும்."

மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது சரியாக வராது, அறிக்கை வாசிப்பது போல் வந்தது.

"நான் ஃபெயிலானது எனக்குத் தெரியும். அப்பாகிட்ட நானே சொல்லியிருப்பேன். நேத்து அவரு சாப்பாட்டு டப்பாவத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டாரு."

கோப்பிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் காட்டினாள். படிப்பிலிருந்து விலகும் படிவம். இருபத்தொரு வயது ஆகாததால் தந்தை கையெழுத்து வேண்டும். இன்று இரவு கொடுக்கப் போகிறாளாம்.

"ஒரு தேர்வுதானே," என்றேன். "திருத்திக்கொள்ளலாம்."

"நீங்க ஃபெயிலாகியிருக்கீங்களா?"

பேருந்து வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டாள்.

ஆகியிருக்கிறேன். முதலாண்டு, இதே கணக்கு, மறுதேர்வு எழுதித் தப்பித்தேன். சேவியருக்கு மட்டும் தெரியும். விடுமுறையில் தொழிற்பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தினமும் நூலகம் போனேன்.

5 செப்டம்பர், புதன்

புராஜெக்டைத் தொடவில்லை. மாலை தேக்கா சந்தைக்குப் போனேன். மேல்மாடியில் அப்பா தையல் கடை. தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கிறது. கழுத்தில் அளவு டேப்போடு ஒருவருக்கு இடுப்பு அளந்துகொண்டிருந்தார். அந்த ஆள் போகும்வரை பித்தான் டப்பாவை நோண்டினேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், சுப்பையா அண்ணன், என் மறுதேர்வு, பொய்த் தொழிற்பயிற்சி. புதுப் பட்டியலில் என் பெயரைப் போடப் போகிறேன், போட்டால் த/பெ மாணிக்கம் என்றும் வரும் என்றேன்.

தையல் இயந்திரத்தை ஓட்ட ஆரம்பித்தார். ஒரு காற்சட்டைக் கால் முழுக்கத் தைத்து முடித்தார்.

"அப்ப அந்த ரெண்டு மாசம் உங்கம்மா தினம் விடிகாலைல எழுந்து சோறு கட்டிக் குடுத்தது?"

"நூலகத்துல சாப்பிட்டேன்."

"நூலகத்துல சாப்பிட விடுவானா?"

"வெளிப் படிக்கட்டுல."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அந்த மனுஷன் பேரு எவ்ளோ பெரிசா இருந்திச்சு?"

விரலால் காட்டினேன்.

"அதே அளவு போடு. சின்னதாப் போட்டு ஏமாத்தாதே. வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட நீயே சொல்லு."

சொன்னேன். அம்மா திட்டியதை எழுத இடம் போதாது.

6 செப்டம்பர், வியாழன்

மேகமூட்டம். புதுத் தாள் ஒட்டியாகிவிட்டது:

'முதலாண்டுக் கணக்கில் தோற்றவர்கள்: 1. குணசேகரன் த/பெ மாணிக்கம். சனிக்கிழமை 2 மணிக்கு அறையில் இருப்பேன். யாரும் வரலாம். பெயர், மதிப்பெண் கேட்கமாட்டேன்.'

மதியம் சேவியர் வந்து தன் பெயரையும் பேனாவால் எழுதினான். த/பெ அந்தோணி. அவனுடைய அப்பா பள்ளித் தலைமையாசிரியர். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி யாராவது அவருகிட்ட சொன்னா நான் செத்தேன்."

சுப்பையா அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். மீட்டர்களை எண்ணிக்கொண்டே, "சரி, சார்," என்றார். அமுதாவின் படிவத்தில் கையெழுத்துப் போட்டாரா என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை.

7 செப்டம்பர், வெள்ளி

தைரிஸ்டர் எரியவில்லை. மோட்டார் பதினோரு நிமிடம் சீராக ஓடியது. வேறொன்றுமில்லை.

8 செப்டம்பர், சனி

தூறல். 1.50க்குப் போனால் அறை பூட்டியிருக்கிறது. அறை கேட்டு எழுதிக் கொடுக்கவே இல்லை நான். போன வாரம் சுப்பையா அண்ணன் தானாகத் திறந்துவிட்டது, அப்படியே மறந்துபோனேன்.

2.05க்கு யாரென்று தெரியாத ஒரு பையன், நனைந்த தலையோடு. "இங்கதானா?" இங்கதான், பூட்டியிருக்கு என்றேன். சேவியர் சன்னலைத் திறக்க முடியுமா என்று பார்த்தான். பிறகு இன்னும் இரண்டு பேர். எல்லோரும் நடைபாதையில் நின்றோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சேவியர் தன் மதிப்பெண்ணைச் சொன்னான், நூற்றுக்கு இருபத்தாறு. நனைந்த தலைப் பையன் சிரித்துவிட்டான். பிறகு எல்லோரும்.

2.20. படிக்கட்டில் சாவிக்கொத்துச் சத்தம். சுப்பையா அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு, வீட்டுக்குக் கிளம்பும் கோலத்தில். பின்னால் அமுதா. கோப்பு அதே அணைப்பில்.

கதவைத் திறந்தார். நாற்காலி துடைக்கவில்லை. நாங்களே இழுத்துப் போட்டுக்கொண்டோம். அமுதா முதல் வரிசையில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள். விடைத்தாள்தான் வெளியே வந்தது.

வாசலில் என்னைத் தனியாக நிறுத்தினார்.

"ஃபாரம் எங்கிட்டதான் இருக்கு. கையெழுத்து போடல. போட மாட்டேன்னும் சொல்லல." சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். "ரெண்டாவது கணக்குல எங்க தப்பு பண்ணுச்சின்னு பாருங்க. நாலு மணிக்குப் பூட்டணும், தம்பி."

5.40க்குப் பூட்டினோம்.