ஒருக்களித்துப் படுத்தவர்

மார்ச் 4

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உன் அக்கா காதில் போட்டுவிடாதே. டிரைவிங் வகுப்பில் தூங்கிவிட்டேன். சொல்லிக்கொடுக்க வேண்டிய நான், பக்கத்து சீட்டில், பெல்ட் போட்டபடி. ஓட்டியவர் பல் டாக்டர் அம்மா. ஊரைச் சுற்றிவந்து அழகாக நிறுத்திவிட்டு என்னைத் தட்டி எழுப்பினார். "சார், இன்னைக்குத்தான் யாரும் கத்தாம நிம்மதியா ஓட்டினேன்" என்றார்.

முதலாளி சிரிக்கவில்லை. "டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க, அப்புறம் வண்டியைத் தொடலாம்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். டாக்டர் தலையெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார். குறட்டைகூடப் பரவாயில்லையாம், நடுநடுவே மூச்சே நின்றுபோகிறதாம். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது. எடையைக் குறைக்க வேண்டும், தூங்கும்போது மூக்கில் மாஸ்க் வைத்துக் குழாய் வழியே காற்று ஊதும் மெஷின் மாட்ட வேண்டும், ஒருக்களித்தே படுக்க வேண்டும். புரளாமல் இருக்க பனியன் முதுகில் ஒரு பந்தைத் தைத்துக்கொள்ளச் சொன்னார். தைத்துவிட்டேன்.

பத்து நாள் தூங்கிவிட்டு வருகிறேன் என்று அக்கா வீட்டுக்குப் போனவள் நீ. இரண்டு மாதம் ஆகிறது. போனில் கேட்டால் "சரி, வெச்சிடவா?" என்கிறாய். அதனால்தான் காகிதம். எப்போது வருகிறாய்?

உன்
ஒட்டகம்

மார்ச் 11

அன்புள்ள உங்களுக்கு,

அக்கா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை.

உங்கள் சத்தம் என்னை எழுப்பியதே இல்லை. அது நிற்கும்போதுதான் எழுந்துகொள்வேன். மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டு அடுத்த மூச்சுக்காகக் காத்திருப்பேன். வராவிட்டால் தோளைப் பிடித்துப் புரட்டுவேன். காலையில் நீங்கள் "அருமையான தூக்கம்" என்று சோம்பல் முறிப்பீர்கள்.

இங்கே தலையைச் சாய்த்ததும் தூங்கிவிடுகிறேன். மெஷினைத் தவறாமல் மாட்டுங்கள். மாஸ்க்கைத் தினமும் கழுவுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

மார்ச் 19

அன்புள்ள காவல்காரிக்கு,

இத்தனை வருஷமும் மூக்கில் ஏதோ பூச்சி என்றல்லவா தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்! சொல்லியிருக்கக் கூடாதா?

இப்போது தும்பிக்கை வைத்த ஒட்டகமாகத் தூங்குகிறேன். மாடிவீட்டுக்காரர் "என்ன சார், ஊர்ல இல்லையா?" என்று கேட்கிறார், அவ்வளவு அமைதி. நம்பாவிட்டால் ஒரு ஞாயிறு மதியம் வந்து பார். அந்தக் குட்டித் தூக்கத்துக்கு மெஷினைக்கூட மாட்டுவதில்லை. இடது பக்கம் ஒருக்களித்தால் காலடி ஓசைகூடக் கேட்காது. சாவிதான் உன்னிடம் இருக்கிறதே.

உன்
நல்ல பிள்ளை

ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். இடது பக்கம் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். முதுகில் பந்து. சத்தமே இல்லை. நானும் பக்கத்தில் படுத்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. விரல் மட்டும் தானாகப் போய் உங்கள் மூக்கடியில் நின்றது. மூச்சு சீராக வந்தது. அப்படியும் வெயில் இறங்கும்வரை விரலை எடுக்க முடியவில்லை. எழுப்பாமல் வந்துவிட்டேன்.

உங்களுக்குச் சரியாகிவிட்டது. எனக்குத்தான் ஆகவில்லை. இனி அக்கா வீட்டிலேயே இருந்துவிடுகிறேன். உங்கள்மேல் எந்த வருத்தமும் இல்லை.

இப்படிக்கு,
நான்

ஏப்ரல் 9

அன்புள்ள உனக்கு,

படித்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறது உள்ளே. பல் டாக்டர் அம்மாவைக் கேட்டால் "ரெண்டு மணி நேரத்துல போயிடும்" என்பார். அவருக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. முதலாளியும் என் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உன் புடவைகளையும் கண்ணாடிக் கூட்டையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீ தூங்கு. அங்கேயே தூங்கு.

உன்

பி.கு.: நீ கதவைத் திறந்தபோது மல்லாந்து படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவிச் சத்தம் கேட்டதும்தான் ஒருக்களித்தேன். அன்று மதியம் நான் தூங்கவே இல்லை.