உன் மாடி அறையைத் திறந்துவிட்டேன்

அன்புள்ள தெஸ்பீனா,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அவருக்கு மழைக்கு முன்னால் முழங்கால் வலிக்கிறது, அவ்வளவுதான். நீயும் மாப்பிள்ளையும் குழந்தை எலேனியும் அந்த ஸ்டுட்கார்ட் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க மாதாவிடம் தினமும் சொல்லிவைக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் பேசுவாய், நான் கத்துவேன், அப்பா போனைப் பிடுங்குவார். அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு கூப்பிடு.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தது, பிள்ளைகள் போதவில்லையாம். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்த் தலைவர் கோஸ்மாஸ் எல்லாரையும் காப்பிக்கடையில் உட்காரவைத்து அழாத குறையாகப் பேசினான். கிரீஸே கிழடாகிக்கொண்டு வருகிறதாம், பிறக்கிறவர்களைவிடச் சாகிறவர்கள் அதிகமாம், ஊரில் கடைசியாக ஞானஸ்நானம் எப்போது நடந்தது என்று பாதிரியாருக்கே மறந்துவிட்டதாம். எனக்குத் தெரியாதா, செத்தவர்களின் நினைவுப் பூசைக்குக் கோதுமை வேகவைத்தே என் பாத்திரம் கறுத்துவிட்டது. பேசிக்கொண்டே என் பக்கம் திரும்பினான். "எவந்தியா, ஒம் பொண்ணுக்கு எழுது. இந்தக் காலத்துப் பொண்ணுங்க சொகுசு தேடி ஓடிட்டாங்க. பிள்ளையக் கூட்டிட்டு வரச் சொல்லு, தலைக்கணக்கு சரியாயிடும்" என்றான். தலைக்கணக்காம், என் பேத்தி என்ன ஆட்டுக்குட்டியா. யோவானினா டவுனில் உன் வயிறு தெரிய ஆரம்பித்ததும் நீ வேலை பார்த்த கடைக்காரன் உன்னை வேலையைவிட்டு நிறுத்தினானே, அன்றைக்கு நாட்டில் பிள்ளை குறைகிறது என்று இவர்களில் ஒருத்தனுக்கும் நினைவு வரவில்லை.

இதைவிட எரிச்சல் என்னவென்றால், ஊரில் பிள்ளைகள் இருந்தார்கள். நம் தோட்டத்துக் கல்சுவரைக் கட்டிய அல்பேனியாக்காரன் அக்ரோன் உனக்கு நினைவிருக்கும். அவனுக்கும் மிரெலாவுக்கும் மூன்று பிள்ளைகள், மூன்றும் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தன. மலை பார்க்க வரும் ஏதென்ஸ்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்று கோஸ்மாஸின் தம்பி தன் வீட்டில் குடியிருந்த அவர்களை வசந்தத்தில் காலி பண்ணவைத்தான். பாதி ஊர் பூட்டிக் கிடக்கிறது, ஒரு வீடும் கிடைக்காமல் அவர்கள் ஆர்த்தா பக்கம் ஆரஞ்சுத் தோப்பு வேலைக்குப் போய்விட்டார்கள். நான் எழுந்து நின்று, "கோஸ்மா, இருந்த பிள்ளைங்கள ஒந்தம்பி தொரத்துனப்ப நீ வாயத் தொறக்கல, இப்ப ஜெர்மனில இருக்குற பிள்ளைய எண்ணுறியா" என்று கேட்டேன். "அவங்க வேற, நான் நம்ம பிள்ளைங்களச் சொல்றேன்" என்றவன், சிரித்துக்கொண்டே, "அக்ரோன் ஒன் வீட்டுலயும்தான் வந்து எடம் கேட்டான். மாடி பூட்டித்தானே கெடக்கு, ஒம்புருஷன் இல்லன்னு அனுப்பிட்டாரே" என்றான்.

தெஸ்பீனா, எனக்கு அது தெரியாது. நான் ஆட்டுப்பட்டியில் இருந்த நேரம் அக்ரோன் வந்திருக்கிறான், அப்பா என்னிடம் மூச்சுவிடவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டால், "பொண்ணு வந்தா எங்க படுப்பா" என்கிறார். எத்தனை கோடைக்கு ஒருமுறை வருகிறாய் என்று அவருக்கே தெரியும். மாடியேறி ஜன்னலைத் திறந்தேன், உன் துணிகளை மூட்டை கட்டிக் கீழே இறக்கினேன், மெத்தையை வெயிலில் போட்டேன். பிறகு அக்ரோனுக்குப் போன் போட்டேன். அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவனோ, "பிள்ளைங்க அங்கயிருந்து வந்தப்ப ரொம்ப அழுதுச்சுங்க அக்கா. மறுபடி போகச் சொல்ல மாட்டீங்களே" என்று கேட்டான். கேட்டதில் என்ன தப்பு, மாட்டோம், கிளம்பி வாங்க என்றேன்.

இப்போது மாடியில் இருக்கிறார்கள். மூன்று பிள்ளைகளும் திரும்பச் சேர்ந்ததால் பள்ளிக்கூடத்தை இந்த வருஷம் மூடவில்லை, அடுத்த வருஷம் பார்ப்பார்களாம். கோஸ்மாஸ் தன்னால்தான் காப்பாற்ற முடிந்தது என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். அப்பாவோடு நான் இன்னும் சரியாகப் பேசவில்லை. அவர் மட்டும் அக்ரோனின் கடைக்குட்டிக்கு யாரும் பார்க்காதபோது வால்நட் உடைத்துக் கொடுக்கிறார்.

உன்னைக் கேட்காமல் செய்தேன், கோபம் என்றால் என்மேல் காட்டு. கோஸ்மாஸ் சொன்னான் என்று நீ வராதே. எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும், அதற்காக வா. வந்தால் எங்கள் கட்டிலில் நீங்கள் படுங்கள், அப்பா சமையலறைப் பெஞ்சில் படுப்பார், அவருக்கு அது போதும்.

எலேனிக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், வெந்நீரில் துவைத்துச் சுருக்கிவிடாதே. மாதா உங்கள் மூவரையும் கண்போலக் காக்கட்டும்.

உன் அம்மா,
எவந்தியா