சீட்டைப் பார்க்கும் முன் வைக்கும் காசு

7.7.2014
எட்டாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகள் முடிந்தன. ஒன்பதாம் வகுப்பு பாக்கி.

இந்த வருடம் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் எனக்கு இல்லை. வெண்மதி அதில் படிக்கிறாள், சொந்தப் பிள்ளை இருக்கும் வகுப்பைத் தாய்க்குக் கொடுப்பதில்லை என்பது எங்கள் பள்ளி வழக்கம். வகுப்பு இசைப்பிரியாவுக்குப் போனது. பக்கத்து ஊரான வடக்குத்துப் பெண், இருபத்துநாலு வயது, அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவளும் கான்ட்ராக்ட்தான், வருடத்துக்கு வருடம் புதுப்பிக்க வேண்டும்.

ராத்திரி சாப்பாட்டில் வெண்மதி “இசை மிஸ்” என்று பதினோரு தடவை சொன்னாள். எண்ணினேன். எண்ணுவதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

9.7.2014
இன்று பதினான்கு.

15.7.2014
வெண்மதி ஸ்கூல் பையைக்கூட இறக்கவில்லை, ஆரம்பித்துவிட்டாள்.

இசைப்பிரியா ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை கொண்டுவந்தாளாம். ஆளுக்குப் பத்து. கேள்வி என்ன என்று தெரிவதற்கு முன்பே ஒவ்வொருவரும் ஒரு கொட்டையை மேசை நடுவில் வைக்க வேண்டும். சரியாகப் பதில் சொன்னவருக்குக் குவியல் முழுவதும். நாலு சுற்று ஆடிய பிறகுதான் கரும்பலகையில் எழுதினாளாம்: ஏ, என், டி, இ. ஆன்ட்டி. சீட்டாட்டத்தில், கையில் என்ன சீட்டு விழப்போகிறது என்று தெரியாமலே எல்லோரும் முதலில் வைக்கும் பணம்.

“அதே நாலு எழுத்து வேற வார்த்தைக்கு முன்னாடி வந்தா ‘முன்பு’ன்னு அர்த்தம்மா. நம்ம ஆஸ்பத்திரில கர்ப்பிணிங்களப் பாக்கிற எடத்துல போர்டு இருக்குல்ல, ஆன்ட்டிநேட்டல், பிரசவத்துக்கு முன்னாடி. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆறு ஏ.எம்.னு சொல்றோமே, அந்த ஏ-வும் அதுதானாம். நடுப்பகலுக்கு முன்னாடி. உனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும்” என்றேன்.

தெரியாது.

16.7.2014
லைப்ரரி பீரியடில் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது அத்தனையும் சரி. ஒரு தப்பாவது இருக்காதா என்று நாலு பக்கம் புரட்டினேன்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பதினேழு வருடம். ஏ.எம்., பி.எம். போட்ட ஷிஃப்ட் அட்டவணை குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டியிருக்கிறது. ஆங்கில எம்.ஏ. வேறு. ஒரு நாள்கூட அந்த ஏ என்ன என்று கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லையே? இவளுக்கு எப்படித் தோன்றியது?

19.7.2014
அரை நாள் பள்ளி. மத்தியானம் வெண்மதி அவள் அப்பாவிடம் சைக்கிள் பஞ்சாயத்து வைத்தாள்.

“அப்பா, நானூத்தம்பது மார்க் எடுத்தா கியர் சைக்கிள்னு அம்மா சொன்னா. இப்ப நானூத்தெண்பதுங்கிறா. இதுக்குப் பேருதான் ஆன்ட்டிய ஏத்துறது. நான் பந்தயத்துல உக்காந்தப்புறம் தொகைய ஏத்தக் கூடாதுல்ல?”

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காத மனுஷன். “ஏ சுப்பு, ஒம் பொண்ணு இங்கிலீஷ வச்சே ஒன்ன மடக்கிட்டாளே! யாரு டீச்சரு? கெட்டிக்காரிதான்” என்றார்.

நான் வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறேன். பதினாலு வருட சர்வீஸ். இவர் என்னைக் கெட்டிக்காரி என்று எப்போது சொன்னார்? ரசம் வைத்தபோது சொல்லியிருப்பார். எரிகிறது.

22.7.2014
டவுன்ஷிப் பஸ் லேட். ஸ்டாப்பில் கஸ்தூரியம்மாள் நின்றிருந்தாள். அவள் மகன் பத்தாம் வகுப்பு. அவள் புருஷன் கண்ணையன் சீட்டாடியே அவள் தாலிச்சங்கிலி வரை தோற்றவர். இது எங்கள் பிளாக்கில் பால் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா?

“புள்ளைங்க எப்படிப் படிக்குதுங்க டீச்சர்?” என்றாள்.

“படிக்குதுங்க. பத்தாம் வகுப்புல இப்ப இங்கிலீஷ் மிஸ் சீட்டாட்டத்துல பந்தயம் எப்படிக் கட்டுறதுன்னு சொல்லிக் குடுக்கிறாங்க. புள்ளைங்க ரொம்ப ஆசையா வெளையாடுதாம்.”

அவள் முகம் செத்துப்போனது. “இன்னாங்க சொல்றீங்க? பள்ளிக்கூடத்துலயா? எங்க வூட்டுல ஒருத்தரு ஆடிக்கினு இருக்கிறது போதாதுங்களா?”

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. புளியங்கொட்டை என்பதை மட்டும் சொல்லவில்லை.

24.7.2014
கஸ்தூரியம்மாள் ஆறு தாய்மார்களிடம் கையெழுத்து வாங்கி நிர்வாகக் குழுவுக்கே மனு கொடுத்துவிட்டாள். வகுப்பறையில் சூதாட்டம். இப்படிப் போகும் என்று நான் நினைக்கவில்லை.

நினைத்தேன். இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை.

25.7.2014
வெண்மதி சாப்பிடவில்லை. “யாரோ போட்டுக் குடுத்திருக்காங்கம்மா. கொட்டைய வச்சா ஆடுவாங்க சூதாட்டம்? அந்த ஆளு மட்டும் யாருன்னு தெரியட்டும்” என்றாள். தட்டை எடுத்து மூடி வைத்தேன்.

28.7.2014
இசைப்பிரியாவை மாதக் கடைசியோடு நிறுத்துகிறார்கள்.

ஸ்டாஃப் ரூமில் அவள் நோட்டு திருத்திக்கொண்டிருந்தாள். எதற்கு இனிமேல் என்று கேட்டேன். “பாதியில உட்டுட்டுப் போனா புதுசா வர்றவங்களுக்குக் கஷ்டம்க்கா. புள்ளைங்க வேற எதிர்பாத்துகினு இருக்கும்” என்றாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் சம்பளத்தில்தான் தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதானே வாயைத் திறந்தேன்?

நேரே ஹெச்.எம். திலகவதி அறைக்குப் போனேன். பஸ் ஸ்டாப், கஸ்தூரியம்மாள், நான் சொன்னது, நான் சொல்லாமல் விட்டது, எல்லாம் சொன்னேன். பொறாமையில் சொன்னேன் மேடம் என்றும் சொன்னேன்.

அவர் ஃபைலை மூடினார். “எனக்கு அன்னைக்கே தெரியும். உங்க பேரைச் சொல்லித்தான் அந்தம்மா மனுவே கொடுத்தாங்க.”

“அப்ப என்னைக் கேட்டிருக்கலாமே மேடம்?”

“நீங்க பர்மனென்ட். உங்க பேரை எழுதினா விசாரணை, மெமோ, யூனியன், ஆறு மாசம் ஓடும். குழு ஒரு வாரத்துல பதில் கேக்குது. அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போதும்.”

எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். முடிவாகிவிட்டது, போய் வகுப்பைப் பாருங்கள் என்றார். எல்லோரும் காசை வைத்துவிட்டுத்தானே ஆட வேண்டும்? நான் எதையுமே வைக்காமல் ஆடியிருக்கிறேன்.

போனேன். ஒன்பதாம் வகுப்பு, மூன்றாவது பீரியட். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

30.7.2014
வெண்மதியிடம் சொல்லிவிட வேண்டும். நாளைக்கு.

31.7.2014
நாளைக்கு.

1.8.2014
சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வாசலில் இசைப்பிரியா. நெல்லிக்குப்பத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறதாம், சம்பளம் பாதிதானாம், சொல்லிவிட்டுப் போக வந்தாளாம்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“ஹெச்.எம். சொன்னாங்கக்கா. நீங்க ஒருத்தர்தான் அவங்க ரூமுக்குப் போயி எனக்காகப் பேசினீங்களாம். எழுதிக் குடுக்கிறேன்னு கூடச் சொன்னீங்களாம். இத்தினி பேரு இருந்தாங்க, ஒருத்தரும் வாயத் தொறக்கல. நான் மறக்கவே மாட்டேன்க்கா.”

இல்லை இசை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உள்ளறைக் கதவருகில் வெண்மதி நிற்பதைப் பார்த்தேன். கண் நிறைய நீர்.

“அம்மா, நீயா?” என்றாள்.

உள்ளே போனேன். காபி போட்டுக் கொடுத்தேன். இசைப்பிரியா குடித்துவிட்டு, ஆறு மணி பஸ்ஸுக்குப் போனாள்.

அவள் போனபின் வெண்மதி பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து என்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். இனிமேல் ஆங்கிலம் நீயே சொல்லிக்கொடும்மா என்றாள். அப்பா ஷிஃப்டிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்ற விடவில்லை. “அப்பா, அம்மா என்ன பண்ணினா தெரியுமா?” என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

ராத்திரி சாப்பாட்டில் “எங்கம்மா” என்று எத்தனை தடவை சொன்னாள் என்று எண்ணவில்லை. எண்ண முடியவில்லை.