பார்த்ததும் நினைத்ததும்

இன்று காலை கேகாலை மருந்துக்கடையில் யாருக்கோ மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கசந்த வாடை மூக்கில் பட்டதும் வந்த வேலையை மறந்து வீடு திரும்பிவிட்டேன். உன்னிடம் பேசாமல் இன்றைய பொழுது எனக்குப் போகாது.

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீசில் நாம் இருவரும் ஒரே மேசைக் கிளாக்கர்கள். என் இங்கிலீஷ் காகிதத்தில்தான் ஓடும். நீ துரைமார் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவன். "கண்ணால கண்டதத்தான் 'இஸ்'னு அடிச்சு சொல்வாங்க. ஊகிச்சதுக்கு மஸ்ட் பீ, சீம்ஸ், லுக்ஸ் லைக்னு முன்னால ஒரு வேலி போட்டுக்குவாங்க" என்பாய். தபால்காரர் நனைந்த குடையோடு வந்தால், ஆற்றுக்கு அப்பால் மழை பெய்திருக்கும் போலிருக்கிறது என்று நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். மழை பெய்தது என்றால் உடனே கேட்பாய்: "பாத்தியா, நெனச்சியா?" பெரிய நீதவான் வந்துட்டாரு என்று முணுமுணுப்பேன்.

காய்ச்சல் பரவிய அந்த வருஷம் ஒருநாள் நீ ஆபீசுக்கு வரவில்லை. சுகமில்லை என்றால் லொறியில் கேகாலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம், பார்த்து வா என்றார் துரை. உன் வாசலில் நின்றே எட்டிப் பார்த்தேன். சுருண்டு கிடந்தாய், ஏதோ உளறினாய். தலைமாட்டில் சாராயப் போத்தல். பெரிய கிளாக்கர் வேலை உனக்குத்தான் என்று போன வாரம் துரை சொன்னதிலிருந்து எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஹீ இஸ் ட்ரங்க்" என்றேன் துரையிடம். குடித்திருக்கிறான் என்று அடித்துச் சொன்னேன். லொறி ரப்பர் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மனசு கேட்காமல் சாயங்காலம் வந்து போத்தலைத் திருப்பினேன். மறுபக்கம், வேளைக்கு இவ்வளவு என்று அளவு வெட்டிய டிஸ்பென்சரிக் காகிதம் ஒட்டியிருந்தது; உள்ளே கொய்னா மருந்து. மருந்து வாங்க நாம் எல்லாருமே காலிச் சாராயப் போத்தலைத்தானே கொண்டுபோவோம், எனக்குத் தெரியாதா? துரையிடம் ஓடினேன். லொறி கிடைத்தது மறுநாள்தான்.

போகிற வழியில் என் மடியில் கிடந்தபடி, துரையிடம் என்ன சொன்னாய் என்று கேட்டாய். சொன்னேன். கண்ணைத் திறக்காமலே, "பாத்தியா, நெனச்சியா?" என்றாய். உன் போர்வையை இழுத்து மூடினேன். கேகாலை வருமுன் உன் உடம்பு சில்லிட்டுவிட்டது.

உனக்கென்றிருந்த பெரிய கிளாக்கர் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்தேன். இப்போது எதைச் சொன்னாலும் 'போல' சேர்த்துத்தான் சொல்கிறேன். "சோறு வெந்துச்சான்னா கூட, வெந்தாப்புல இருக்குங்கிறீங்களே" என்று வீட்டில் கேலி. நீ கேட்டதற்கு மட்டும் வேலி போடாத பதில் ஒன்று வைத்திருக்கிறேன். நான் பார்க்கவும் இல்லை, நினைக்கவும் இல்லை. நீ குடித்துக் கிடக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.