ஓடைக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

நம் ஊரை ஒயின் திராட்சை விளையும் வட்டாரமாக அங்கீகரிக்கச் சொல்லி உன் அத்தான் போட்ட மனுவில் எல்லை ஓடையோடு நின்றுவிட்டது. உன் தோட்டம் வெளியே போய்விட்டது; உன் திராட்சைக்கு அந்தப் பெயரும் விலையும் கிடைக்காது. மண்ணைப் பார்த்துக் கோடு கிழித்தவர்கள் அதிகாரிகள், அவர் இல்லை.

நேற்று விடிந்ததும் பார்த்தால், எங்கள் முதல் வரிசைக் கொடிகளை யாரோ அடியோடு வெட்டியிருந்தார்கள். வெட்டெல்லாம் சாய்வாக, சுத்தமாக இருந்தது. நம் வீட்டில் வெட்டுகிற மாதிரி.

"யாருன்னு எனக்குத் தெரியும், நீ வாயத் திறக்காத" என்றார் அவர்.

திங்கட்கிழமை அந்த மனு மீதான விசாரணைக்கு மலைப்பாதையில் தனியாகக் காரில் போவேன் என்கிறார். "வேண்டாங்க, பயமா இருக்கு" என்று கெஞ்சியும் கேட்கவில்லை. அதனால் நானும் கூடப் போகிறேன். முன் இருக்கையில், மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பேன்.

உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் அக்கா