பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில்

அன்புள்ள பல்லிக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. இந்தத் தடவை கேட்கப் போவதில்லை, நலமாக இருந்தே ஆகவேண்டும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வரி. அந்த சைக்கிளில் ஏறாதே. அதைச் சொல்வதற்குப் பதிலாகச் சாப்பிட்டாயா என்று கேட்டேன், ஸ்வெட்டர் போட்டிருக்கிறாயா என்று கேட்டேன், நீ சிரித்துக்கொண்டே "சித்தி, உச்சி வெயில் கொளுத்துது" என்றாய், அதோடு சிக்னல் போய்விட்டது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி, ஓட்டிப் படிக்காதே. சேற்றில் கியர் மாற்றும் கம்பி பிய்ந்துபோய் சைக்கிள் குவார்ட்டர்ஸ் சுவரில் சாய்ந்து கிடக்கிறது, இனி கியரே வேண்டாம், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒற்றைக் கியர் போடப் போகிறேன் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். "அணைக் குழாயைச் சரிபாக்கப் போற இந்தப் பாதைக்கு ஒத்தைக் கியர்தான் சரி சித்தி, உடையறதுக்கு ஒண்ணுமே இருக்காது" என்றாய். அப்போது அப்பா போன் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, திருட்டு மாங்காய் தின்றவர்போல ஒரு சிரிப்புச் சிரித்து என் காதில் சொன்னார், "சைக்கிளோட அடிக்குழாயில ஒரு கீறல் இருந்துச்சு, புட்டிப் பசை வெச்சு இழைச்சுப் பெயின்ட் அடிச்சு அனுப்பினேன், இன்னிவரைக்கும் கண்டுபிடிக்கலையே உன் புள்ள" என்று. அவர் கையை எடுத்துவிட்டு உன்னிடம் "பெயின்ட் எப்படிடா இருக்கு" என்று கேட்டார், நீ "கல்லு மாதிரி இருக்குப்பா" என்றாய், அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன், அதற்குப் பிறகுதான் சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

போன் வைத்த பிறகு சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல விசாரித்தேன். எந்த இடத்தில் இருந்தது அந்தக் கீறல் என்றதற்குச் சமையலறைக் குழாயையே சைக்கிளாக்கித் தொட்டுக் காட்டினார், ஹேண்டில்பார் நிற்கிற கழுத்தோடு அடிக்குழாய் வந்து ஒட்டுகிறதே, அந்தப் பற்றவைப்புக்குக் கீழே, பூமியைப் பார்க்கிற பக்கம். நீளம் எவ்வளவு என்றேன், ரெண்டு விரல்கடை என்றார். நகத்தில் மாட்டியதா என்றேன். "மாட்டுச்சு. ஒரு தடவை புட்டி வெச்சேன், காலைல பாத்தா உள்ள இழுத்துக்கிச்சு. மறுபடி அழுத்தி வெச்சேன், நின்னுருச்சு" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்லாதே. வாழ்நாள் முழுக்க ஒர்க்ஷாப்பில், இடிபட்டு வந்த கார் கதவுகளை ஒடுக்கெடுத்து, புட்டி வைத்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கி அனுப்பிய கை அது. கார் கதவு எந்தப் பாரத்தையும் தாங்குவதில்லை. அதன் மேல் கோடு இருந்தால் அது அழகுக்குக் கேடு, அவ்வளவுதான். உன் சைக்கிளையும் அவர் கதவாகத்தான் பார்த்திருக்கிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் விட்டு உனக்காக அந்தப் பச்சையைக் கலந்தார் என்பது உனக்கும் தெரியும். ஆனால் வெறும் கீறல் புட்டியை விழுங்காது கண்ணா. விழுங்குகிறது என்றால் அதற்கு உள்ளே வழி இருக்கிறது என்று அர்த்தம்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும், தலைவலி என்று நெட்டில் தேட ஆரம்பித்தால் சித்தி நாலு வியாதியோடு எழுந்து வருவாள் என்பாய். இருக்கட்டும். எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க நான் பார்ப்பது இதைத்தான். நொண்டாமல் நடந்து வருவார்கள், சுளுக்குத்தான் என்பார்கள், படத்தில் முடி விழுந்த மாதிரி ஒரு கோடு தெரியும். எலும்புக்கு ஓய்வு கொடுத்தால் தானே கூடிக்கொள்ளும். உன் சைக்கிளின் அலுமினியம் அப்படிக் கூடிக்கொள்ளாது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். இரும்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், முனகும், பெரும்பாலும் ஆளை உஷார்ப்படுத்திவிட்டுத்தான் ஒடியும், ஒடிந்தாலும் பற்றவைப்பவர் ஒட்டித் தருவார். அலுமினியம் ஒவ்வொரு குலுக்கலையும் மனதில் வைத்துக்கொண்டே இருந்து ஒருநாள் சட்டென்று கைவிட்டுவிடும். அப்படி ஒடிகிற இடங்களில் ஹேண்டில்பார்க் கழுத்துதான் மோசம், ஒடிந்தால் முன்சக்கரம் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். பழைய பெயின்ட்டாக இருந்தால் விரிசல் வளரும்போது அதுவும் சேர்ந்து பிளந்து காட்டிக்கொடுத்திருக்கும். அப்பாவின் புட்டி நல்ல புட்டி, அதுதான் என் பயமே. இதில் ஒற்றைக் கியர் வேறு. ஏற்றத்தில் இலேசான கியருக்கு மாற்ற வழியில்லாததால் எழுந்து நின்று மிதிப்பாய், ஹேண்டிலைப் பிடித்து இடமும் வலமும் இழுப்பாய், அந்த இழுப்பெல்லாம் நேரே அந்த ரெண்டு விரல்கடைக்குத்தான் போகும்.

அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. காலையில் காப்பி கொடுக்கும்போது சொல்ல வாய் எடுப்பேன், அவர் உன் போன் வந்ததிலிருந்து விசில் அடித்துக்கொண்டிருக்கிறார், வாய் மூடிக்கொள்ளும். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ கதவு நிலையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய், பல்லி என்று பேர் வைத்ததே அன்றுதான். அன்று முதல் உனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசாமல் இருப்பதே எனக்குப் பழக்கமாகிவிட்டது. அத்தை முழங்கால் வலியோடு இங்கே வந்திருக்கிறாள், படம் எடுத்துப் பார்த்தேன், தேய்மானம்தான், பயப்பட ஒன்றுமில்லை. அவளிடம் ஜாடையாக இதை இழுத்துப் பார்த்தேன், "அப்பன் புள்ளைக்குச் செஞ்சதுல நொட்டை சொல்லவா உன்னைக் கட்டிக்கிட்டு வந்தோம்" என்று விளையாட்டாகத்தான் சொன்னாள். விளையாட்டாகத்தான். மாடி வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியை மறுபடி வழியவிட்டு உன் அறைக் கூரையில் ஈரம் இறங்கியிருக்கிறது, புத்தகங்களை நடுவில் நகர்த்தி வைத்திருக்கிறேன். இதையெல்லாம் எழுதும்போது மனம் அந்தச் சரிவிலேயே நிற்கிறது. அன்று நீ அனுப்பிய படத்தில் குழாய்க்குப் பக்கத்தில் போகிற பாதையும் அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லாத வெட்டவெளியும் இருந்ததே, அழகாக இருக்கிறது என்று பதில் போட்டேன், இப்போது அதைத் திறக்கவே முடியவில்லை.

நேற்று அணை ஆபீசுக்குப் போன் போட்டேன். கிளார்க் எடுத்தார், பையன் மேலே குவார்ட்டர்ஸுக்குப் போயிட்டான், அங்கே சிக்னல் கிடையாது, ஞாயிறுதான் இறங்குவான் என்றார். சைக்கிளை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். "செயினே இல்லாம நிக்குதும்மா, ஏறணும்னாலும் எப்படி ஏறுவான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தேன். பிறகுதான் உறைத்தது, நீ கேட்ட பல்சக்கரமும் செயினும் அடங்கிய டப்பாவை அப்பா ஏற்கெனவே அணைக்குப் போகிற வேன்காரரிடம் கொடுத்துவிட்டார், நாளைக் காலை புறப்படுகிற அதே வேனில்தான் இந்தக் கடிதமும் வரப்போகிறது. டப்பாவைத் திருப்பிக் கேட்டால் வேன்காரர் அப்பாவிடம்தான் போய் நிற்பார். முதலில் கடிதத்தைக் கொடுங்கள், அவன் படித்து முடித்ததும் டப்பாவைக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "பரீட்சையாம்மா வெக்கிறீங்க, பாஸானாத்தான் பார்சலா" என்று கேட்டார். உன்னை எனக்குத் தெரியும், ஒரு கையில் கடிதமும் ஒரு கையில் டப்பாவும் வந்தால் எதைப் பிரிப்பாய் என்றும் தெரியும். அதனால்தான் உறையின் மேலேயே சிவப்பில் எழுதப் போகிறேன், ஏறாதே என்று.

செய்ய வேண்டியது இது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, நான் சொன்ன இடத்தில் பச்சையையும் அதற்குக் கீழே புட்டியையும் கத்தியால் சுரண்டு. பகல் வெளிச்சத்தில் பார், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தும் பார். மயிரிழை தெரிந்தாலும் அந்த ஃப்ரேம் முடிந்தது. பற்றவைக்கிறேன், பட்டை போட்டுக் கட்டுகிறேன் என்று கிளம்பாதே, மெதுவாகத்தானே போவேன் என்றும் சொல்லாதே. ஒன்றும் தெரியாவிட்டாலும் என்னிடம் பேசும்வரை ஏறாதே. ஒற்றைக் கியர் ஆசையை நான் கெடுக்கவில்லை, சேற்றுக்கு அது நல்லதென்றே எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அதற்கென்றே செய்த இரும்பு ஃப்ரேமாகப் பார். பின்சக்கரத்தின் அச்சு முன்னும் பின்னும் நகர நீளமான வெட்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செயின் தொய்ந்து நடுச்சரிவில் கழன்றுகொள்ளும். முன் பல்சக்கரம் பின்னதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக இருந்தால் உன் ஏற்றத்துக்கு முழங்கால் போய்விடும், இங்கே ஒரு முழங்கால் போதும். மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் தானாக உருளுகிறதா என்று பார், சக்கரத்தோடு பெடலும் சுற்றுகிற வகை அந்தப் பாதைக்கு ஆகாது. பிரேக் இரண்டும் இருக்க வேண்டும். பழையது வாங்கினால், புதுப் பெயின்ட் பளபளத்தால் ஏன் அடித்தார்கள் என்று கேள். அதுவரை குழாயைப் பார்க்க நடந்து போ. மேலதிகாரி கோபித்தால் கோபிக்கட்டும், என் பேரைச் சொல், பயந்தாங்கொள்ளிச் சித்தி என்று சொல்.

நீண்ட ஆயுளோடு, உன் எலும்பு எதுவும் என் மாதிரி ஒருத்தியின் படத்தில் ஏறாமல், நடையும் ஓட்டமுமாக நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை அணை ஆபீசுக்கு இறங்கியதும் முதலில் என் எண்ணுக்குக் கூப்பிடு, அப்பாவின் எண்ணுக்கு அல்ல. மறக்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
சித்தி

பி.கு. காலையில் எழுதுகிறேன். அவருக்குத் தெரியாமல் இதை அனுப்பக் கை வரவில்லை. மடித்த கடிதத்தைப் பிரித்து அப்பாவிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார், இரண்டாம் பக்கத்தை இரண்டு முறை படித்தார். முதலாளிக்குப் போன் போட்டு, "பையன்கிட்ட போகணும்" என்று மட்டும் சொன்னார். இப்போது வேன் வாசலில் நிற்கிறது, அப்பா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இதை அவர் கையில்தான் கொடுக்கிறேன்.